சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூரில் வீட்டுப் பூனை குட்டி போட்டால் அப்புறம் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அரிசிச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடுவார்கள். இன்னும் விவரமானவர்கள் பாலாற்றைத் தாண்டிக் காட்பாடியில் விடுவார்கள். ஆறு தாண்டினால் பூனைக்கு வழி தெரியாதாம். பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான் ஓடுகிறது என்பது வேறு கதை.

"மீன் வாசத்துக்குப் பிழைத்துக்கொள்ளும்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். இரண்டு வாரக் குட்டி, தாய் நக்கிவிடாமல் மூத்திரம்கூடப் போகாது. சென்ற மாதம் எங்கள் தெருமுனையில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் நான்கு குட்டிகள் கிடந்தன. ஒன்றுக்கு மட்டும் ஒரு கண் பாதி திறந்திருந்தது. யாரோ புண்ணியவான் கொட்டாங்கச்சியில் பசும்பால் வேறு ஊற்றி வைத்திருந்தார். அந்த வயதில் நக்கிக் குடிக்கத் தெரியாது, குடித்தாலும் பேதிதான்.

பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். ஐந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் தங்கிவிடும். அண்ணன் தங்கை என்றெல்லாம் அதுகள் பார்ப்பதில்லை.

"பாவம், ஒரு ஈத்தாவது போடட்டும்" என்பது மாட்டுக்காரர்கள் பேச்சு. பூனைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் பிற்காலத்தில் மார்பில் கட்டி வருவது வெகுவாகக் குறையும். அறுவைக்குப் பயந்து தொடர்ந்து மாத்திரையோ ஊசியோ போட்டால் அதே கட்டியும், கர்ப்பப்பையில் சீழும் வரக்கூடும்.

கடுவன் (ஆண்) பூனை வளர்ப்பவர்கள் "நம் வீட்டிலா குட்டி போடப்போகிறது" என்று ஹாயாக இருக்கிறார்கள். எனக்கு இவர்கள் மேல்தான் அதிகக் கோபம். கடுவனுக்கு வயிற்றைக்கூடக் கிழிக்க வேண்டியதில்லை, சின்ன அறுவைதான். முடிந்த பிறகும் சில வாரம் வெளியே விடக்கூடாது, அவ்வளவே.

2023-ல் வந்த மத்திய அரசின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் பெரும்பாலும் தெருநாயைப் பற்றியே பேசுகின்றன. சரி, நாய்க்குச் செய்யட்டும். கால்நடை பராமரிப்புத் துறை பூனைக் கருத்தடைக்கென்று மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்கி, தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வண்டி அனுப்பிப் பிடிக்கக்கூட வேண்டாம். அறுவைக்கு முன்பு எப்போது சோறு நிறுத்த வேண்டும் என்று சொன்னால் போதும், கூடையில் வைத்து நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.