மிச்ச ஊசியையும் போட்டுவிடு, கண்ணு

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

நாய்க்குட்டி கீறியதற்குப் பேரனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இரண்டாவதும் போட்டாச்சு என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் "அந்த நாய்க்குட்டி தெருவில் நல்லாத்தான் ஓடுதும்மா, லேசான கீறல்தானே, மிச்ச ஊசி எதுக்கு?" என்று கேட்டாயே, ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

1974-ல் உன் மாமாவுக்கு எட்டு வயது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஒரு நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. உன் அம்மாயி ஓடிவந்து மிளகாய்த்தூளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காயத்தில் அப்பினாள். நானும் பெரியம்மாவும் காலைப் பிடித்துக்கொண்டோம். அவன் அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அம்மாயிக்கு அவன்மேல் உயிர். எரிந்தால் விஷம் இறங்கும் என்று நம்பினாள், பாவம். அப்புறம் டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்துதான் அவனைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவினார். சிவப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் செய்ததுதான் சரி. வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவவேண்டும். நீ போட்ட மஞ்சளோ, காப்பித்தூளோ கிருமியை ஒன்றும் செய்யாது, புண்ணைத்தான் கெடுக்கும்.

மாமாவை சிம்ஸ் பார்க் பக்கத்துப் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்குத் தூக்கிப்போனோம். இந்த நோய்க்காகவே 1907-ல் தொடங்கிய இடம். தொப்புளைச் சுற்றி தினம் ஒரு ஊசி போட்டார்கள். அந்தப் பயம்தான் இன்றைக்கும் பலரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவிடாமல் வைத்திருக்கிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். பேரனுக்குத் தோலில் போடுவதால், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. இன்னும் இரண்டுதான் பாக்கி.

நாய் நல்லா இருக்கிறதா என்று பத்து நாள் பார்ப்பது என்பது ஊசியை ஆரம்பித்துவிட்டு டாக்டர் பார்க்கிற கணக்கு. தெருக்குட்டியை யார் கட்டிவைத்துப் பார்க்கிறார்கள்? நீ பார்த்தது அதே குட்டிதானா? ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி வேண்டும், கண்ணு. நோய் வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் காப்பாற்ற மருந்து கிடையாது.

காலண்டரில் இரண்டு தேதிக்கும் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை போன் பண்ணுவேன். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு எடு.

அம்மா