செயலாளர் ஆண்டறிக்கை: கம்பி வைத்த பிள்ளைகள், பத்து ஆண்டு கழித்து

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. சமூக மன்றத்தில் பொங்கல் உபசரிப்பு வழக்கம்போல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது ஆகஸ்டு மாதச் சந்திப்பைப் பற்றித்தான்.

நம் பிள்ளைகளுக்கு எஸ்எம்ஏ என்னும் பரம்பரைத் தசைநலிவு நோய். எஸ்எம்என்1 மரபணுக் கோளாறால் தசை வலுவிழக்கிறது. பிடித்து நிறுத்தத் தசையில்லாத முதுகெலும்பு வளைகிறது. பத்து ஆண்டுக்கு முன்பு டைட்டானியக் கம்பி வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்ட மூவர் அன்று வந்து பேசினார்கள். அறுவைக்கு முன் டாக்டரிடம் நாம் கேட்பதெல்லாம் வளைவு எத்தனை டிகிரி குறையும் என்பதுதான் (நானும் அதைத்தான் கேட்டேன்). அன்று டிகிரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பேச்சு முழுக்கச் சாப்பாட்டைப் பற்றி. முன்பெல்லாம் குனிந்து வாயைத் தட்டுக்குக் கொண்டுபோவார்கள். முதுகு இறுகியபின் குனிய முடியாது, வலுவில்லாத கையும் மேலே எட்டாது. என் மகன் வீடு திரும்பிய முதல் காலை, தோசைத் துண்டு அவன் நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. மைலோ டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தோம். இப்படி ஆகுமென்று முன்கூட்டியே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்த உயரம் கூடிப்போய், வேனுக்குள் தலை இடித்த கதையை இன்னொருவர் சொன்னார்.

ஆனாலும் மூவரில் யாரும் வருத்தப்படவில்லை. கை ஊன்றாமல் உட்கார முடிகிறது, இரண்டு கையும் விசைப்பலகைக்குக் கிடைக்கின்றன, ஒருபக்க இடுப்பில் அழுத்தும் வலி குறைந்தது. மூச்சுத்திறன் மட்டும் பழையபடி திரும்புவதில்லை. சரியும் வேகம் மட்டுப்பட்டாலே லாபம்.

இன்னொரு சங்கடம். எஸ்எம்ஏவுக்கான நுசினெர்சென் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2016 டிசம்பரில். அது நான்கு மாதத்துக்கு ஒருமுறை முதுகுத்தண்டு நீரில் போடும் ஊசி. அதற்கு முன் கம்பி வைத்தவர்களுக்கு எலும்புகள் ஒட்டிக்கொண்டதால் ஊசி நுழைவதே பெரும்பாடு. இப்போது கீழ்முதுகில் ஓர் இடைவெளியை விட்டுவைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. 2020இல் ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்தும் வந்தது.

அறுவைக்குப் போகும் குடும்பங்களுக்காக ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். முதல் கேள்வி: “பிள்ளை பிறகு எப்படிச் சாப்பிடும்?” அதை மலாயிலும் சீனத்திலும் பெயர்க்க ஆள் தேவை. முன்வருவோர் மாதக் கடைசிக்குள் என்னிடம் சொல்லவும்.

செயலாளர்