பத்துக்குப் பத்து வீட்டில் போனை எங்கே வைப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். செல்போனைக் கீழே வைத்துவிட்டு வீட்டாரோடு பேசச் சொல்லும் கட்டுரைகளில், ‘இரவில் போனை அடுத்த அறையில் வையுங்கள்’ என்ற வரி தவறாமல் இருக்கிறது. காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் பத்துக்குப் பத்து வீட்டில் நாலு பேர் படுக்கிறார்கள். இங்கே அடுத்த அறை என்பது அடுத்த குடித்தனம்.

அணைத்து வைப்பதும் நடக்காது. கடலுக்குப் போனவர் கரை சேர்ந்த சேதியும், நைட் ஷிப்ட் போனவரின் அழைப்பும் அதில்தான் வரவேண்டும். வேண்டியவர் அழைத்தால் அடிக்க வேண்டும், மற்றதெல்லாம் வாய் மூட வேண்டும். அதற்கு செட்டிங்ஸில் ‘தொந்தரவு செய்யாதே’ பகுதி இருக்கிறது. இரவு 8 முதல் காலை 5 வரை தானாக இயங்கும்படி நேரம் குறித்து, கான்டாக்ட் பட்டியலில் நட்சத்திரம் போட்ட எண்கள் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். பலர் இதுவரை சரியாகச் செய்துவிட்டு, வீட்டார் எண்ணுக்கு நட்சத்திரம் போட மறந்துவிடுகிறார்கள். மறுநாள் ‘எத்தனை தடவை அடிச்சேன்’ என்று சண்டை. ஒரே ஆள் திரும்ப அழைத்தால் ஒலிக்கும் வசதியும் உண்டு. ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். வாட்ஸ்ஆப் அழைப்புக்கும் இது பொருந்தும் என்று நம்பிவிடாமல், பக்கத்தில் ஒருவரை அடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

வாட்ஸ்ஆப் குரூப்பை மியூட் செய்யும்போது 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று கேட்கும். 8 மணி நேரத்தைத் தொட்டால் விடிந்ததும் ‘காலை வணக்கம்’ படங்கள் வரிசை கட்டும். ‘எப்போதும்’ என்பதே சரி. பள்ளிக்கூடக் குரூப்பை மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் திறந்து வைத்தால் போதும். ஆப்களுக்கு நேரக்கெடு வைப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வைத்த கைதான் அதை எடுக்கவும் செய்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கே அந்த வழி தெரியும்.

இனி இடம். பெரும்பாலான வீடுகளில் பிளக் பாயின்ட் தலைமாட்டில் இருக்கிறது. சார்ஜ் போட்ட போன் தலையணை அடியிலேயே கிடந்து சூடாகிறது. பேட்டரிக்கும் ஆபத்து, தூக்கமும் போச்சு. எட்டு மணிக்குள் சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி, வாசல் நிலைப் பக்கம் ஆணியில் ஒரு மஞ்சப்பை மாட்டி எல்லார் போனையும் அதில் போடலாம். ஒலித்தால் கேட்கும், எடுக்க எழுந்து போக வேண்டும். பைக்குள் வைத்தபடி சார்ஜ் மட்டும் போடக் கூடாது. அலாரத்துக்காக என்று போன் மறுபடி தலைமாட்டுக்கே வந்துவிடும் என்பதால், தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிட வேண்டும்.

போன் போன பிறகு கை சும்மா இருக்காது. வடசென்னையில் அதற்குக் கேரம் போர்டு இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தானே! போரிக் பவுடர் படிந்த விரலைக் கைரேகை சென்சார் சட்டென்று ஏற்பதில்லை என்பது உபரி லாபம். கடல் காற்றில் பலகை ஈரம் வாங்கினால் ஸ்ட்ரைக்கர் நகராது, பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துப் போனைத் தேடுவார்கள். முன்பு மேலே தொங்கிய குண்டு பல்பின் சூடு பலகையை உலர வைத்தது. எல்இடி வெளிச்சம்தான் தரும். அதனால் பகலில் சற்று நேரம் இளவெயில் காட்டி, துணியால் துடைத்துவிட்டு ஆட வேண்டும்.

போனை எடுப்பவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்கள். இருவர் ஆடாமல் நாலு பேராக உட்கார்ந்தால் பாதித் தொல்லை குறையும். ஒரு கேம் 25 புள்ளி அல்லது 8 போர்டு, அதாவது 8 சுற்று. புள்ளியைச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள்; போனில் குறிக்கிறேன் என்று யாராவது மஞ்சப்பை பக்கம் எழுந்தால் அவர் ஆட்டத்துக்குத் திரும்ப மாட்டார்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81