‘சிறு அளவுதானே’ என்ற வரியைக் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் காளானைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், ‘இயற்கை தந்த காளானைச் சிறு அளவில் எடுத்துக்கொண்டால் மனச்சோர்வு விலகும், பக்கவிளைவு எதுவும் கிடையாது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். அதைவிட, அந்த வரியைப் போன்ற ஒரு வரியை நம்பியதன் விலையை என் வீட்டிலேயே கண்டவள்.

தாங்கள் அறியாததல்ல, லயன்ஸ் மேன், ரெய்ஷி, கார்டிசெப்ஸ் என்ற பெயர்களில் கடைகளில் விற்கப்படுபவை உணவுத் துணைப்பொருள்கள். அவற்றில் போதையும் இல்லை, மனமயக்கமும் இல்லை. சைலோசைபின் என்ற மனமயக்கப் பொருள் உள்ள காளான் முற்றிலும் வேறு. உடலுக்குள் சென்றதும் சைலோசின் ஆக மாறி, மூளையில் செரோடோனின் ஏற்பிகளின் மேல் வேலை செய்யும் பொருள் அது. ‘மைக்ரோடோசிங்’ என்பது இந்தப் பொருளை, போதை தரும் அளவில் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ எடுக்கும் பழக்கம். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ், ஒரே படத்தொகுப்பில், ஒரே மூச்சில் எழுதினால், படிக்கிறவர் எதை எது என்று கொள்வார்?

என் தம்பி அப்படித்தான் கொண்டான். அளவுகடந்த எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய்க்காக 18 ஆண்டுகளாக லித்தியம் மருந்து எடுத்து, உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதி, குடும்பத்தைக் காத்து வந்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, மைக்ரோடோஸ் என்பது இதுதான் என்று எண்ணி, லயன்ஸ் மேன் கேப்சூல் ஒரு டப்பா தபாலில் வரவழைத்தான். மூன்று நாளுக்கு ஒன்று என்று காலண்டரில் வட்டம் போட்டு விழுங்கினான், லித்தியத்தை எங்களிடம் சொல்லாமலே நிறுத்தினான். மூன்றாவது வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கிணற்றடியில் வெளிச்சம் தெரிந்து நான் எழுந்து போனேன். வீட்டிலுள்ள அத்தனை போர்வைகளையும் நனைத்துப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தான். ‘அக்கா, விடியுறதுக்குள்ள எல்லா வேலையும் முடிச்சிரலாம்’ என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். 19 நாள் அவன் மருத்துவமனையில் இருந்தான்.

அவன் திரும்பி வருமுன் அந்த டப்பாவை நான் பிரித்துப் பார்த்தேன். மூன்று கேப்சூல்களைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினேன், பக்கத்தில் நாங்களே உலர்த்திப் பொடித்த சிப்பிக் காளானைக் கொஞ்சம் வைத்தேன், இரண்டின் மேலும் அயோடின் கரைசலை ஒவ்வொரு சொட்டு விட்டேன். சிப்பிக் காளான் பொடி பழுப்பாகவே நின்றது. கேப்சூல் பொடி கண்ணெதிரே கருநீலமானது. காளான் தன் உணவைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும், அயோடினைக் கருநீலமாக்கும் மாவுச்சத்து அதில் இருக்காது என்பது பதினோராம் வகுப்புப் பாடம். தானியத்தின் மேல் பூசண இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. என் தம்பி லித்தியத்துக்குப் பதிலாகத் தின்றது பெரும்பாலும் தானிய மாவு. அந்த மாவு அவனை ஒன்றும் செய்யவில்லை, அவன் படித்த வரிதான் செய்தது.

தங்கள் கட்டுரையாளர் வெளிநாட்டு ஆய்வுகளைத் துணைக்கு அழைக்கிறார். 2022இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு சைலோசைபின் 25, 10, 1 மில்லிகிராம் என மூன்று அளவுகளில், மனநலப் பயிற்சி பெற்றவர் உடனிருக்க, ஒரே ஒரு முறை தரப்பட்டது. மூன்று வாரத்தில் தெளிவான பலன் கண்டது 25 மில்லிகிராம் பெற்றவர்களிடம். 1 மில்லிகிராம் எதற்காக வைக்கப்பட்டது தெரியுமா? பெரிய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அந்த ஆய்வையே சிறு அளவுக்குச் சான்றாகக் காட்டினால் அதைத் தலைகீழாகப் படித்ததாகத்தானே பொருள்? 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 191 பேரைக் கொண்டு, எந்த நாளில் மைக்ரோடோஸ், எந்த நாளில் வெற்றுக் கேப்சூல் என்று எடுப்பவருக்கே தெரியாதபடி நடத்திய ஆய்வில், இரு தரப்பினருமே நலம் கூடியதாகச் சொன்னார்கள், வேறுபாடு எதுவும் நிலைநிற்கவில்லை. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. இருமுனை நோய் உள்ளவர்களையும் மனச்சிதைவு நோயாளிகளையும் இவ்வகைச் சிகிச்சை ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதும், லித்தியத்தோடு இந்தப் பொருள்கள் சேர்ந்தபோது வலிப்பு வந்த பதிவுகள் உண்டு என்பதும் இல்லை. ‘பக்கவிளைவு கிடையாது’ என்பதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

நான் ஆராய்ச்சிக்கு எதிரியல்லேன். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், பிற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபினைப் பரிந்துரைக்கலாம். அது நல்ல செய்தி, அதை எழுதுங்கள். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானைக் கலவைப் பொருளாகக் கருதி அதன் முழு எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கொள்ள முடியாது என்று மட்டும் சொன்னதை, ‘பக்கத்து மாநிலத்தில் தடையில்லை’ என்று தங்கள் கட்டுரை சுருக்கிவிட்டது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும் என்று நம்பி எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் அகப்பட்டால், அவன் தாய்க்கு யார் பதில் சொல்வது?

ரெய்ஷி என்று தாங்கள் அரைப்பக்கத்துக்குப் படம் போட்டிருக்கும் கனோடெர்மாவை இந்த மாவட்டத்துத் தென்னை விவசாயி யாரும் மறக்கமாட்டார். தஞ்சையில் 1952இல் முதலில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர் பெற்ற அடித்தண்டழுகலை உண்டாக்குவது அந்த இனம்தான். எங்கள் தோப்பில் அடிமரத்திலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து, கீழ்மட்டைகள் தொங்கி, 11 மரங்கள் போயின. அதனால் அது மனிதருக்கு ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷியைத் தொடக்கூடாது என்ற ஒரு வரியை அந்த அரைப்பக்கத்தில் ஒரு மூலையில் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் சமையல் குறிப்புப் பகுதியில், காளான் வேகும்போது வெள்ளிக்காசு போட்டுக் காசு கறுக்காவிட்டால் நச்சில்லை என்று வந்தது. இடிமழைக்குப் பின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் புற்றோரம் முளைக்கும் கூணை, அதாவது காளானை, பறித்துவந்து குழம்பு வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் குறிப்பு எங்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்று அன்றே எழுதினேன். கொடிய அமாடாக்சின் நச்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, வேகவைத்தாலும் அழியாது, தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே வாந்தி தொடங்கும், இடையில் தேறியதுபோல் காட்டிப் பின் கல்லீரலை அழிக்கும் என்று விளக்கியிருந்தேன். என் கடிதம் நான்கு வரியாக, ‘வாசகி பாராட்டு’ என்ற தலைப்பில் வந்தது. இப்போது போதைக் காளானைத் தேடி மலையேறும் பிள்ளைகளை நினைக்கும்போது அதுவே நினைவுக்கு வருகிறது. அவர்கள் தேடும் சிறு பழுப்புக் காளானைப் போலவே தோற்றம் கொண்ட கேலரினா என்ற காளானிலும் அதே நச்சு இருக்கிறது.

நான் கேட்பது சிறிது. அதே நலவாழ்வுப் பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மனநல மருந்தை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரியும், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 என்பதும் அதன் கீழே இருக்கட்டும். இந்தக் கடிதத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால், என் தம்பியைப் பற்றிய பகுதியை எடுத்துவிடலாம், அவனிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்றாலும். 14416ஐ மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.