நிறுத்தும் தேதியையும் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழங்கால் மாற்று அறுவைக்குப் போகிற மும்பைத் தமிழர்கள் செயற்கை மூட்டின் விலையைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்ததும் தெரிந்திருக்கிறது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்பவர் குறைவு. டிஸ்சார்ஜ் ஆனதுமே நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்று, நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பினாலும் கெண்டைக்கால் சிரைகளில் ரத்தம் கட்டும் ஆபத்து பல வாரம் இருக்கும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள். வழக்கமான அளவு: ரிவரோக்சபான் 10 மி.கி. தினம் ஒன்று, அபிக்சபான் என்றால் 2.5 மி.கி. காலையும் இரவும், இனாக்சபரின் ஊசி 40 மி.கி. தினம் ஒரு முறை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்தும் அளவும் மாறும்.

ஊசியை வீட்டிலேயே போடுபவர்கள் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். இன்று வலப்பக்கம், நாளை இடப்பக்கம். 40 மி.கி. சிரிஞ்சிலுள்ள காற்றுக்குமிழியை வெளியேற்றாதீர்கள், மருந்தும் சேர்ந்து சொட்டிவிடும். குத்திய இடத்தைத் தேய்த்தால் கன்றிப்போகும்.

"இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறேனே, அது போதாதா?" என்று கேட்டு இந்த மருந்தை விடுபவர்கள் உண்டு. ஆஸ்பிரின் மட்டும் தரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை ஆளைப் பார்த்து அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் (இடுப்பு, முழங்கால் அறுவை இரண்டும் சேர்த்து) அறிகுறியுடன் கூடிய ரத்தக்கட்டி ஆஸ்பிரின் போட்டவர்களில் 3.45 சதவீதம், இனாக்சபரின் போட்டவர்களில் 1.82 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வந்த கட்டிகளில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு தவறு, வலிக்கிறதென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சேர்த்துப் போடுவது. ரத்தக்கசிவில் கொண்டுவிடும்.

லிஃப்ட் இல்லாத சாலில் (மும்பையின் பழைய வரிசைவீட்டுக் குடியிருப்பில்) மாடியில் இருப்பவர் கீழே இறங்க முடியாவிட்டாலும் அறைக்குள் நடக்கலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தைப் பத்து, இருபது தடவை மேலும் கீழும் அசைக்க வேண்டும். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்தால் மூட்டு மடங்கியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். ஊர்ப் பாட்டிகள் என்ன சொன்னாலும் கெண்டைக்காலை எண்ணெய் விட்டு நீவ வேண்டாம். திருநெல்வேலி ரயிலில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து போவதையும் மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போடுங்கள்.

அறுவைக்குப் பின் கால் வீங்குவது சகஜம். இரவு முழுக்க உயர்த்தி வைத்தும் வடியாமல், கெண்டைக்கால் சூடாகி அழுத்தினால் வலித்தால், அன்றே டாப்ளர் ஸ்கேன் (சிரைகளில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் செய்யும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையின் அளவு அறுவையாலேயே ஏறியிருக்கும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் என்றால் ஸ்கேனுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, வேளையோடு நிறுத்த வேண்டிய தேதியையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள்.

– மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட்
செம்பூர், மும்பை