தினமும் ஓட்டும் காரும் செட்டிபாளையம் ட்ராக்கும்

போத்தனூர்,
கோவை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டு வலி முன்னைக்கு இப்போது தேவலை, குறிச்சி சிட்கோவில் பட்டறை வேலையும் தொய்வின்றிப் போகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குத் தினமும் ஓட்டிப்போகும் போர்ஷே பாக்ஸ்டரை, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்குக் கொண்டுவரலாமா, அதனால் கார் கெட்டுவிடாதா, கூரை திறக்கிற காரில் அப்படி ஓட்டுவது பத்திரம்தானா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். பட்டறைக்குப் போவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, செட்டிபாளையம் ட்ராக்கில் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் என்னிடம் இருப்பது அந்தப் பழைய பி.எம்.டபிள்யூ இசட்-4 ஒன்றுதான் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகக் கொண்டுவா. ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் ஓடிய கார் திங்கட்கிழமை காலை உன்னைக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. காரில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எத்தனை சுற்று ஓட்டுவது, எப்போது உள்ளே திரும்புவது என்று எல்லாவற்றையும் நான் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்கிறேன்.

முதலில் கூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் புரண்டால், மூடியிருக்கும் கூரை உன்னுடையதைப் போலத் துணியாக இருந்தாலும், என்னுடையதைப் போல மடங்கும் அலுமினியமாக இருந்தாலும், அதை நம்பித் தலையைக் கொடுக்க முடியாது. காப்பவை முன் கண்ணாடியின் சட்டமும், இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் வளையங்களும்தான். நம் இரண்டு கார்களிலும் அந்த வளையங்கள் நிலையாக நிற்பவை. சில கார்களில் அவை உள்ளே மறைந்திருந்து, கார் புரளப்போவதை உணர்ந்தபின் மேலே எழும். வெளிநாடுகளில் பல ட்ராக் டே அமைப்பாளர்கள் அந்த வகையைப் போதுமான காப்பாக ஏற்பதில்லை. அங்கே இந்த விளையாட்டுக்கு மிகப் பரவலாகப் பயன்படும் மஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்குக்கூட, தனியாக ரோல் பார் என்ற காப்புக் கம்பி பொருத்திக்கொண்டு வந்தால்தான் பல ட்ராக்குகளில் அனுமதி.

வளையம் இருந்தால் மட்டும் போதாது, அதன் உயரமும் போதுமானதாக இருக்க வேண்டும். ஹெல்மெட் போட்டால் தலை இன்னும் உயர்ந்துவிடுகிறது. ஆகவே ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்துகொண்டு, வளையத்தின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை நேரான ஒரு பட்டையை வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது பல கிளப்புகளின் விதி. எனக்குப் பட்டறையில் ஃபோர்மேன்தான் அலுமினியப் பட்டையைப் பிடித்துப் பார்த்தார். இருக்கையை அடிமட்டத்துக்கு இறக்கி, முதுகுச் சாய்வை ஒரு படி கூட்டிய பிறகுதான் அந்த இடைவெளி கிடைத்தது. நீ என்னைவிட உயரம், ஆகையால் இதை முதல் வேலையாகச் செய். அளவு தேறவில்லை என்றால் ட்ராக்கை மறந்துவிட்டு, சிறிய இடத்தில் கடிகாரத்தோடு போட்டியிடும் ஆட்டோகிராஸோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதில் நான் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். ட்ராக்கில் ஓட்டும்போது கூரையை மூடியே வை. அது தலையைக் காக்காவிட்டாலும், தடுமாற்றத்தில் கை வெளியே போகாமல் தடுக்கும். திறந்த பந்தயக் கார்களில் கையைக் கட்டுப்படுத்தத் தனி வார் மாட்டுவதும் இதற்காகத்தான்.

தோள்களையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் நான்கு முனை ஹார்னஸ் மாட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். சாதாரண பெல்ட் விபத்தில் உடலைச் சற்றுச் சாயவிடும். ஹார்னஸ் உடலை நிமிர்த்தியே பிடித்து வைக்கும், புரளும் காரில் அப்படி நிமிர்ந்து இருக்கக் கூடாது. கால்களுக்கு நடுவில் வரும் வார் இல்லாத ஹார்னஸில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. ஹார்னஸும் அதற்குரிய இருக்கையும் ரோல் கேஜ் என்ற முழுக் காப்புக் கூண்டும் ஒன்றாக வர வேண்டியவை. அவை வந்துவிட்டால் அந்தக் காரைத் தினமும் கம்பெனிக்கு ஓட்டுவது நடக்காது.

ட்ராக்குக்கு முன்னால் ஆட்டோகிராஸ் ஓட்டிப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் எண்ணம். நம் நாட்டில் பல ஆட்டோகிராஸ்கள் மண் தரையில் நடப்பவை, தரையோடு தரையாக நிற்கும் உன் காருக்கு அவை ஆகாது; தார் அல்லது கான்கிரீட் தளத்தில் கூம்பு வடிவக் கோன்களை வைத்து நடப்பதாக இருந்தால் மட்டும் பெயர் கொடு. அதில் ஒரு நேரத்தில் ஒரே கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடுதான், பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும், தவறினால் விழுவது ஒரு ரப்பர் கோன். அமெரிக்க விதிப்படி ஒரு கோனுக்கு 2 வினாடி தண்டனை; ஒரு நிமிட ஓட்டத்தில் அது பெரிய இழப்பு என்பதால், வேகத்தைவிட ஒழுங்குக்கே பரிசு என்பது விரைவில் புரிந்துவிடும். கார் வழுக்கத் தொடங்கும் அந்த நொடியை, யாருக்கும் ஆபத்தில்லாத வேகத்தில், திரும்பத் திரும்ப உணர்ந்து பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. அவிநாசி சாலையில் அந்த உணர்வு முதல்முறையாக வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

உன் காருக்கு இது இன்னும் முக்கியம். எஞ்சின் நடுவில் இருப்பதால் பாக்ஸ்டர் என் காரைவிட விரைவாகத் திரும்பும். ஆனால் வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து, பின் டயர்கள் பிடியை இழந்து, வால் வெளியே வீசும். மனித இயல்போ பயத்தில் காலை எடுப்பதுதான். பிரேக்கை நேர்ப்பாதையிலேயே முடித்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடிக்கும் பழக்கம் கோன்களுக்கு நடுவே உடம்பில் ஊற வேண்டும். கார் வழுக்கும்போது தானாகவே திருத்தும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்கும் பொத்தானை இப்போதைக்குத் தொடவே தொடாதே.

இனி பிரேக். என் இசட்-4 என்னையும் பெட்ரோலையும் சேர்த்து 1,600 கிலோ வரும். 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு ஒருமுறை இறக்கினால் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த வெப்பம் சில வினாடிகளில் நான்கு டிஸ்க்குகளுக்குள் போகிறது, அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. செட்டிபாளையம் ட்ராக் 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்துக்குள் வளைவுகள் நெருங்கி அமைந்தது; பிரேக்குக்கு ஓய்வே இராது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, பழசானபின் அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும்; குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் முதலில் பஞ்சாக மெத்தென்று ஆகி, பிறகு மிதிக்க மிதிக்கக் கீழே போகத் தொடங்கும். அந்த மெத்தென்ற உணர்வு காலுக்கு வந்த சுற்றிலேயே வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிட வேண்டும். ட்ராக் டேக்கு முன் ஆயிலை முழுவதும் மாற்றி, பிரேக் குழாயிலுள்ள காற்றையும் எடுத்துவிட்டு வா. அதிகக் கொதிநிலை கொண்ட நல்ல ஆயிலாகவே போடு. வேறு எதற்கும் செலவு செய்யாவிட்டாலும் இதற்குச் செய்.

டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடுகளில் நிதானம் தேவை. முழுப் பந்தயப் பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் பனியன் கம்பெனி வாசலில் குறுக்கே வரும் டி.வி.எஸ். ஃபிஃப்டியிடம் பேட் இன்னும் சூடாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தெருவுக்கும் ட்ராக்குக்கும் இடைப்பட்ட வகையைப் போட்டுக்கொண்டு, மூன்று சுற்று அழுத்தி ஓட்டி, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிடுவது என் வழக்கம். நின்றதும் பார்க்கிங் பிரேக் போடாதே. சூட்டில் அழுத்தி வைத்த இடத்தில் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டு, பிறகு பிரேக் போடும்போது அதிர்வு வரும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

டயர் காற்றுக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தோளில், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே மூன்று நான்கு கோடுகள் போட்டுவிட்டு ஓட்டிப் பார். திரும்பி வரும்போது கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. ஓரம் வரைகூட அழியாமல் நின்றால் காற்று அதிகம். சூட்டில் அழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறிவிடும் என்பதால் ஓடி முடித்த உடனே அளந்து, எழுதி வைத்துக்கொள். ட்ராக்கில் காற்றைக் குறைத்திருந்தால் வீட்டுக்குக் கிளம்புமுன் ஆறிய டயரில் பழைய அளவுக்குக் காற்று ஏற்றுவதையும், வீல் போல்ட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் சரிபார்ப்பதையும் மறக்கக் கூடாது.

காப்பீட்டு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மோட்டார் பாலிசிகளில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பார். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று அச்சிட்டிருக்கும். ட்ராக்கில் எது உடைந்தாலும் உன் பைதான். இழந்தால் தாங்க முடியாது என்று தோன்றும் காரை ட்ராக்குக்குள் விடக் கூடாது, இதை வீட்டிலும் உட்கார்ந்து பேசி முடிவு செய். பொதுச் சாலையில் வேகம் பார்ப்பதோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரவில் பைபாஸில் ஓட்டிப் பார்க்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அரை மணி நேரத் தொலைவில் ட்ராக் இருக்கும் ஊரில் பிறந்தும் அவர்கள் அங்கே போவதில்லை.

கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற அந்தச் செட்டிபாளையம் ட்ராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தனைப் பற்றி நாம் கல்லூரியில் எவ்வளவு பேசியிருப்போம்! 1995-இல் விமான விபத்தில் அவர் போனது இந்த ஊருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. வீடுதோறும் நின்ற மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கியவர் அவர். 2005-இல் ஜோர்டான் அணியில் நம் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தபோது இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள் கோவைக்காரர் என்று நாம் பூரித்தோமே, அந்தப் பாதைக்கு வெகு முன்பே கல் பாவியவர்களில் ஒருவர். அன்றாடக் காரையும் பந்தயத்தையும் வேறு வேறு உலகமாக அவர் பார்க்கவில்லை என்பதே எனக்கு அவரிடம் பிடித்தது.

சைலன்சர், டியூனிங் பற்றியெல்லாம் நீ எழுதியிருந்ததற்கு நான் பதில் எழுதவில்லை. அவற்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஹெல்மெட் ஒன்றும், ஒரு நாள் பயிற்சியாளரும் போதும். பைக் ஹெல்மெட் வேண்டாம்; தீயைத் தாங்கும் சோதனையும் சேர்ந்த, கார் பந்தயத்துக்கான, ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் எஸ்.ஏ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கு.

ஆடிக்காற்று அடங்கட்டும், இப்போது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று தளமெல்லாம் மண்ணைத் தூவிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மாலையே பட்டறைக்கு வந்துவிடு. காரை லிஃப்டில் ஏற்றி, பேடுகளின் கனம் பார்த்து, ஆயிலை மாற்றி, உன் தலைக்கும் பட்டை வைத்து அளந்துவிடுவோம். இரவு சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சாதம் செய்து தருவதாக அம்மா சொல்லச் சொன்னார். எந்த வாரம் உனக்குத் தோதுப்படும் என்று எழுது. ட்ராக்கில் இடம் இருக்கிறதா என்று நான் முன்னதாகவே கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்