பாடநூலுக்குப் பொன்மொழி தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பாடத்தின் தொடக்கத்தில் கட்டம் கட்டி ஒரு பொன்மொழி போடுகிறீர்கள். நீதி, சமத்துவம் பற்றிய பாடம் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் வந்துவிடுவார். "எங்கோ ஓரிடத்தில் நடக்கும் அநீதி, எல்லா இடத்திலும் உள்ள நீதிக்கு அச்சுறுத்தல்." பல வருடங்கள் வகுப்பில் அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "இதை யாரைப் பார்த்துச் சொன்னார்?" என்று கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் சிறையில் இருந்தார் கிங். இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தடையை மீறி ஊர்வலம் போனதற்காகக் கைது செய்திருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த மாநிலத்தின் வெள்ளை இன மதத்தலைவர்கள் எட்டுப் பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். இந்தப் போராட்டம் விவேகமானதல்ல, இதற்கு இது நேரமல்ல என்றார்கள். அது வெளியான செய்தித்தாளின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார் கிங். நீங்கள் கட்டம் கட்டிய வரி அந்தப் பதில் கடிதத்தில் இருப்பது.

யாரிடம் பேசுகிறார் பாருங்கள். அடித்தவர்களிடம் அல்ல. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்ன, படித்த, பண்பான மனிதர்களிடம். பொறு என்ற சொல்லுக்கு அநேகமாக எப்போதுமே "ஒருநாளும் கிடையாது" என்றுதான் அர்த்தம் என்கிறார். நீதியைவிட ஒழுங்கு பெரிது என்று நினைக்கிற மிதவாதிதான், வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான்காரனைவிடப் பெரிய தடையோ என்ற இடத்துக்கு வருத்தத்தோடு வந்து நிற்கிறார். இந்தப் பகுதியைப் படித்தபோது என் முகத்துக்கு நேரே பேசுவதுபோல இருந்தது. நானும் பல பேரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை வரி என்னை ஒருமுறைகூட அப்படித் தொட்டதில்லை.

பிரெடரிக் டக்ளஸுக்கும் இதே கதிதான். "போராட்டம் இல்லையேல் முன்னேற்றம் இல்லை" என்பது இன்று தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஊக்க வாசகம். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி வந்த மனிதர் 1857இல் அடிமை முறையை எதிர்த்துப் பேசியபோது சொன்னது அது. அடுத்த வரியிலேயே, சுதந்திரம் வேண்டும் ஆனால் கிளர்ச்சி வேண்டாம் என்பவர்கள் நிலத்தை உழாமல் விளைச்சல் கேட்கிறவர்கள் என்கிறார். எவ்வளவு நல்ல வரி! அதை ஏன் வெட்டினீர்கள்?

காந்தியின் பெயரில் "நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்று போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் எழுத்தில் அந்த வாசகம் அப்படியே எங்கும் கிடைக்கவில்லை. நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் அவர் 1913இல் எழுதியது இருக்கிறது. அதையே போடலாமே.

அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய 1949 நவம்பர் 25 உரையையும் துண்டாக்காதீர்கள். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்றார். அதோடு நிறுத்தவில்லை. இதைச் சீக்கிரம் நீக்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த அவை பாடுபட்டுக் கட்டிய ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார். அரசமைப்பை எழுதி முடித்த கையோடு, அதை ஏற்கப் போகும் அவையிலேயே நின்று விட்ட எச்சரிக்கை அது. பிள்ளைகளுக்கு அந்தப் பாதியும் போய்ச் சேர வேண்டாமா?

இடம் போதாது என்பீர்கள். சரி, பொன்மொழிகளைக் குறையுங்கள். பத்து வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி கொடுங்கள். எந்த வருடம், எந்த இடம், யாரைப் பார்த்துச் சொன்னது, சொன்னவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று. அடுத்த பதிப்பில் கிங்கின் கடிதத்திலிருந்து ஒரு பக்கமாவது சேருங்கள். அவர் படத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்